கிரகண காலமும் மீள்கணக்கும்

வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தி, 1768 முதல் 1770 வரை நம் புதுச்சேரியில் தங்கினார். 1769-இல் மேகம் அக்காட்சியை மறைத்துவிட்டது. ஆயினும் இவ்வூர்த் தமிழ்க் கணிதர் எழுதுகோலின்றிச் சோழிகளைப் பரப்பிக் கிரகணங் கணிக்கும் விரைவைக் கண்டு வியந்து, அம்முறையைக் கற்றுச் சென்றார். 1765 ஆகஸ்டு 30-ஆந் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில், தமிழர் கணக்கு 41 செகண்டு குறைந்ததென்றும், மாயரின் அட்டவணை 68 செகண்டு மிகுந்ததென்றும் அவரே எழுதியுள்ளார்.

கிரகண கால அளவைக் காண்பதில் ஒரு சிக்கலுண்டு. சந்திரன் நிழலை விட்டு நீங்கும் நேரத்தை அறிய, அந்நேரத்து விக்ஷேபம், அதாவது சூரியன் செல்லும் வீதியினின்று சந்திரன் விலகியிருக்கும் அளவு, தெரிதல் வேண்டும். அதனை அறியவோ அந்நேரமே தெரிதல் வேண்டும்! சூரிய சித்தாந்தம் இதற்குக் கூறும் வழி எளிது. நடுக்கிரகண விக்ஷேபத்தால் ஒரு நேரங் காண்க; அந்நேரத்து விக்ஷேபத்தால் மீண்டுங் காண்க; விடை நிலைபெறும்வரை இங்ஙனமே செய்க.

நிழல், சந்திரன் இவற்றின் அரைவிட்டங்களின் கூட்டுத்தொகை 60 கலை, நடு விக்ஷேபம் 30 கலை எனக் கொள்வோம். சந்திரன் மணிக்கு 30 கலை நிழலைக் கடக்க, விக்ஷேபம் மணிக்கு 3 கலை வளர்கிறது. 60-இன் வர்க்கத்தினின்று விக்ஷேப வர்க்கத்தைக் கழித்து, மூலங்கண்டு, 30-ஆல் வகுத்தால் நேரம் வரும். நடுவிலிருந்து நீங்கும்வரை முதல் விடை 103.9 நிமிஷம், அடுத்தவை 97.2, 97.7, 97.6. ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்காய்ச் சுருங்குகிறது. இவ்வெடுத்துக்காட்டை இருபடிச் சமன்பாடாகவே தீர்க்கலாம். ஆனால் மெய்யான சந்திரனின் வேகம் மாறுவதால் அங்கு அது போதாது.

விடை நிலைபெறுதல் வேறு, வானோடு பொருந்துதல் வேறு. 1825-இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதரொருவர் வாரன் துரைக்காக மனப்பாட வாக்கியங்களைக்கொண்டு கணித்த சந்திர கிரகணம், தொடக்கத்தில் 4 நிமிஷமே பிழைத்தது. முடிவில் 52 நிமிஷம் பிழைத்தது. மூல எண்களிலுள்ள குறையை எத்தனை முறை மீளக் கணக்கிட்டாலும் போக்கவியலாது.

சிலவிடத்து விடை நிலைபெறுவதுமில்லை. நிழல் விளிம்பைச் சந்திரன் சற்றே தீண்டும் கிரகணத்தை எண்ணுக. நடு விக்ஷேபம் 59½ கலையாயின் முதல் விடை 15.5 நிமிஷம், அந்நேரத்து விக்ஷேபமோ 60-ஐத் தாண்டி, மூலங்காண இயலாத எண் வந்து நிற்கும். மாணவர் கிரகணமே இல்லையென்று முடிவு செய்வர், கிரகணமோ உண்டு. இங்கு ஒவ்வொரு முறையும் பழைய விடைக்கும் புதியதற்கும் நடுவெண்ணைக் கொள்க. சூனியத்துக்கும் 15.5-க்கும் நடு 7.7, அதனைக்கொண்டு கணித்தால் 7.4, இவற்றின் நடு 7.6 நிமிஷம். மேலும் கணித்தாலும் அது மாறுவதில்லை.