மிகைவேகம்

கணிப்பொறியின் மூளையாக விளங்குவது செயலி. அதனுள் பல கோடி நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் அமைந்துள்ளன. அவை ஓர் ஒழுங்கில் இயங்கும்பொருட்டு, கடிகாரத் துடிப்புப் போன்றதொரு மின்துடிப்பு இடையறாது எழுந்துகொண்டிருக்கும். நொடிக்கு 100 கோடித் துடிப்பை ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்பர். ஆக்கியோர் குறித்த அளவிற்கு மேல் இத்துடிப்பை விரைவுபடுத்துதலே ஓவர்கிளாக்கிங் எனப்படும்.

இஃது எவ்வாறு இயலும்? ஒரே தகட்டில் உருவாகும் சில்லுகளும் ஆற்றலில் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆதலின், வெப்பம் மிகுந்த சூழலிலும் பிழையின்றி இயங்கத்தக்க வேகத்தையே ஆக்குவோர் குறிக்கின்றனர். அவ்வேகத்திற்கும் சில்லின் எல்லைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியையே ஆர்வலர் பயன்படுத்திக்கொள்கின்றனர். 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் செலிரான் 300ஏ என்னும் மலிவான செயலியை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையின் துடிப்பை 66 மெகாஹெர்ட்சிலிருந்து 100க்கு உயர்த்தியபோது, அச்செயலிகளுள் பல 450 மெகாஹெர்ட்சில் செவ்வனே இயங்கின. குறைந்த பொருட்செலவில் மிகுந்த ஆற்றல் கிடைத்தது கண்டு பலர் மகிழ்ந்தனர்.

ஆயினும், இப்பயன் விலையின்றி வருவதன்று. வேகத்தை மிகுக்கப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் மிகுக்க வேண்டும். இரண்டும் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், இயக்கத்திற்குரிய மின்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரும். அத்திறன் முழுதும் வெப்பமாக மாறும். வெப்பமும் மின்னழுத்தமும் மிகுந்தால் நுண்கம்பிகளின் உலோக அணுக்கள் மெல்ல இடம்பெயரும். நாளடைவில் சில்லு பழுதுறும். ஆக்கியோர் அளிக்கும் உத்தரவாதமும் பல வேளைகளில் நீங்கிவிடும்.

இவற்றினும் கொடிய தீங்கு ஒன்று உண்டு. ஒரு கணக்கு முடியுமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் விடை பிழைபடும். பொறி நின்றுவிட்டால் பிழை வெளிப்படும்; நில்லாது ஓடினாலோ பொய்விடையே மெய்விடையாகப் பதிவாகிவிடும். விளையாட்டில் இது சிறு இடையூறே. வங்கிக் கணக்கிலோ, மருத்துவமனைப் பதிவிலோ பெருங்கேடாக முடியும்.

ஆகவே, அறிந்தோர் தக்க குளிர்விப்பானைப் பொருத்தி, வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதிப்பர். இக்காலச் செயலிகள் பலவும் வெப்பநிலைக்கேற்பத் தம் வேகத்தைத் தாமே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன. அதனால், பயனர் கூட்டக்கூடிய வேகம் முன்னினும் சுருங்கிவிட்டது. கணிப்பொறிக்கு விரைவு அழகுதான். எனினும், சரியான விடை தருவதே அதன் முதற்கடமை. அக்கடமை வழுவாத அளவே வேகத்தின் எல்லையாகும்.