சாமைச் சோறும் துவரைக் குழம்பும்

அன்றாட ஆகாரத்தில் முழுத் தானியம், பருப்பு, கீரை, காய், கனி ஆகியவை பெரும்பங்கு வகிக்குமானால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவை வரும் வாய்ப்புக் குறையும் என்பது உணவு விஞ்ஞானிகள் கண்ட உண்மை. இதைக் கேட்கும் குடியானவர், “நாங்கள் உண்பது பெரும்பாலும் சோறுதானே? புலால் என்றோ ஒரு நாள்தானே?” என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. தட்டு நிறையத் தீட்டிய அரிசிச் சோறும் சிறிது புளிக்குழம்பும் தாவர உணவுதான். ஆயினும் அது நிறைவான உணவு ஆகாது. எந்தத் தாவரத்தை, எவ்வளவு உண்கிறோம் என்பதே முக்கியம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலை இதற்கு நல்லதொரு பாடம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை மானாவாரியாகப் பயிரிட்டு, துவரை, அவரை, கீரை, கிழங்கு ஆகியவற்றுடன் உண்டு வந்தனர். பின்னர் மரவள்ளி பணப்பயிராகப் பரவியது. சாமையை உரலில் இடித்துப் புடைக்கும் கடும் வேலையோ பெண்கள்மீதே விழுந்தது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கலாயிற்று. பசி தீர்ந்தது, உழைப்பும் குறைந்தது. ஆனால் தட்டில் பல தானியம் இருந்த இடத்தை அரிசி ஒன்றே பிடித்துக்கொண்டது.

இதனால் இழப்பது யாது? 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. தவிடு நீங்காத சாமையில் நார்ச்சத்து மிகுதி. சாமையையும் வெண்மையாகத் தீட்டிவிட்டால் இந்நன்மை போய்விடும். மேலும், தானியப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு ஈடு செய்கிறது. மரவள்ளியில் மாவுச்சத்தே மிகுதி. புரதம் மிகக் குறைவு.

ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு வேண்டிய அளவு வருமாறு:

தானியம் – 250 கிராம்
பருப்பு வகை – 85 கிராம் (முட்டை, மீன், இறைச்சி உண்போர் இதிலேயே சேர்த்துக் கொள்ளலாம்)
காய், கீரை – 400 கிராம்
பழம் – 100 கிராம்
கொட்டை, வித்துகள் – 35 கிராம்
பால் அல்லது தயிர் – 300 மில்லி லிட்டர்
எண்ணெய், கொழுப்பு – 27 கிராம்

வயலில் பாடுபடுவோர்க்கு இவை கூடுதலாக வேண்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று நினைவிற் கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆகவே பால், தயிர், முட்டை ஆகியவற்றை முற்றும் நீக்குதல் கூடாது. பள்ளிச் சத்துணவில் குழந்தை உண்ணும் முட்டையைத் தடுக்க வேண்டாம். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர எலுமிச்சை, நெல்லி துணைபுரியும். உணவுடன் அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும். கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையையும், நீரிழிவு நோயாளிகள் மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

இனிச் செய்ய வேண்டியவை எளியவையே. விளைந்த சாமை முழுவதையும் விற்றுவிடாமல் வீட்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒன்றுகூடி உமி நீக்கும் இயந்திரம் அமைத்தால் உரல் வேலை ஒழியும். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் துவரையும், புழக்கடையில் முருங்கை, அகத்தி, பப்பாளியும் வளரட்டும். வாரத்தில் இரு நாள் சாமைச் சோறு, ஒரு நாள் கேழ்வரகுக் களி என்று தொடங்கினாலே போதும். பழக்கம் தானே வேரூன்றும்.