நீராவி வால்வுக்கு கிளாண்ட் பேக்கிங் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ, பாய்லர் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒரு வால்வு கழுத்தோரம் புகைந்துகொண்டிருக்கும். ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்குவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி புகையும். கசிவை நிறுத்துவது கை பலம் அல்ல, உள்ளே பேக்கிங் கயிற்று வளையங்கள் அமர்ந்திருக்கும் விதம்.

எங்கே கசிகிறது?

மூடிய பிறகும் நீராவி போனால் ‘வால்வு பாஸ் ஆகிறது’ என்போம், சீட் தேய்ந்திருக்கும். பானெட் (வால்வின் மேல்மூடி) இணைப்பில் கசிந்தால் புது கேஸ்கெட் வேண்டும். ஸ்பிண்டிலை (கைச்சக்கரம் சுழற்றும் தண்டு) ஒட்டிக் கசிந்தால் கிளாண்ட் பேக்கிங்கை மாற்ற வேண்டும். அடிக்கடி வருவது இதுதான்.

முதலில் அழுத்தத்தை இறக்குங்கள்

10 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 184 டிகிரி செல்சியஸ். துவாரத்தை ஒட்டி அது கண்ணுக்கே தெரியாது. சற்றுத் தள்ளித்தான் வெள்ளையாகும். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. லைனை அடைத்து, பூட்டுப் போட்டு, வடிகாலைத் திறந்து, ஆறிய பிறகே நட்டைத் தொடுங்கள். ‘முழுக்கத் திறந்து வைத்தால் பேக்சீட் (பானெட்டுக்குள் இருக்கும் சீட்) தாங்கும், லைன் ஓடும்போதே மாற்றலாம்’ என்று எவ்வளவு பெரிய சீனியர் சொன்னாலும், வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பேக்கிங்கை அடிவரை எடுங்கள்

மேலே மட்டும் ஒரு புது வளையம் திணிப்பது வேலையல்ல. மிகப் பழைய வால்வில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் கிளறாமல் நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பழையதை எடுத்த பிறகு ஸ்பிண்டிலைத் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

அளந்து வெட்டுங்கள்

வளையங்கள் அமரும் பேக்கிங் பெட்டியின் உள்விட்டத்தில் ஸ்பிண்டில் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். பெட்டி 38 மி.மீ., ஸ்பிண்டில் 22 மி.மீ. என்றால் 8 மி.மீ. கயிறு. நீராவிக்கு கிராஃபைட் நல்லது. டெஃப்லான் சுமார் 260 டிகிரி வரைதான் தாங்கும். ஸ்பிண்டில் பருமனுள்ள கம்பியில் கயிற்றைச் சுற்றி, 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள்.

ஒவ்வொன்றாக இறக்குங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு வளையத்தை அடிவரை அழுத்தி உட்கார வைத்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு இறுக்கினால் மேல் வளையம் நசுங்கும், அடி வளையம் தொளதொளவென்று கிடக்கும். வெட்டுவாய்கள் ஒரே நேரில் வந்தால் நீராவிக்கு அதுவே வழி. வளையத்துக்கு வளையம் 90 டிகிரி தள்ளி வையுங்கள்.

இறுக்குவது

கிளாண்டின் இரு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. வளையங்களை அழுத்தும் கிளாண்ட் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பிண்டிலில் உரசும். நாலைந்து முறை முழுக்கத் திறந்து மூடிவிட்டு மறுபடி பாருங்கள். கைச்சக்கரம் சுற்றவே முரண்டினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

நீராவி விட்டதும் வளையங்கள் இன்னும் கொஞ்சம் அமரும். மறுநாள் லைனை அடைத்து, ஆறவிட்டு, நட்டுக்கு ஒரு சிறு திருப்பு கொடுங்கள். அதற்குள் கிளாண்ட் முழுவதும் உள்ளே இறங்கி, இறுக்க இடமே இல்லையென்றால் ஒரு வளையம் குறைகிறது.