பழைய கணிப்பொறியும் பஞ்சுத் தூசியும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற நகரம் என்பது யாவரும் அறிந்ததே. 2009-ஆம் ஆண்டில் அது தனி மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. அங்கே பருத்தி நூல் எந்திர ஊசிகளில் உராய்ந்து செல்லுங்கால் நுண்ணிய இழைகள் பிரிந்து காற்றில் மிதக்கின்றன. இப் பஞ்சுத் தூசி கணக்கெழுதும் மேசையையும், அதன்மேல் ஓயாதுழைக்கும் பழைய கணிப்பொறியையும் சென்றடைகின்றது. அப்பொறி இரைச்சலிடத் தொடங்கியவுடன், அதன் காலம் முடிந்ததெனக் கருதிப் பழைய சாமான் கடைக்கு அனுப்புவாருமுளர். அது தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கணிப்பொறியின் செயலி, தான் கொள்ளும் மின்னாற்றலை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக வெளிவிடுகின்றது. 2004-இல் வந்த பென்டியம் 4 செயலிகளுட் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட். 2006-இல் வந்த கோர் 2 டுயோ வகையிற் பலவற்றிற்கு 65 வாட். இவ்வெப்பம் செயலியின்மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு ஏற, விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி அதனை அகற்றுகின்றது. பஞ்சுத் தூசியோ விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளி விரித்தாற்போற் படிந்து, காற்றின் வழியை அடைக்கின்றது. வெப்பம் மிகவே விசிறி விரைந்து சுழல்கின்றது, இரைச்சல் பிறக்கின்றது. அதுவும் போதாதாயின், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதுமையென்று நாம் எண்ணுவது பெரும்பாலும் மூச்சடைப்பே. மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் காரணத்தை முதற்கண் ஆராயச் சொன்ன வள்ளுவர் நெறி இதற்கும் பொருந்தும்.

இனி, தீர்க்கும் முறை கூறுவாம்.

முதலாவது, தூய்மை. மின்னிணைப்பைக் கழற்றியபின் பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையாலும் கை ப்ளோயராலும் பஞ்சை நீக்குக. அப்பொழுது விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொள்க. இன்றேல் அது மிகையாகச் சுழன்று கெடும். கம்பெனியிலுள்ள கம்ப்ரசர்க் காற்றை நேரே செலுத்தற்க. அதில் ஈரமும் எண்ணெயும் கலந்திருத்தல் கூடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறத்தலாகாது; இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்னாற்றல் தங்கியிருக்கும்.

இரண்டாவது, தெர்மல் பேஸ்ட். செயலியும் அதன்மேலுள்ள தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், இடையே நுண்ணிய காற்றிடைவெளிகள் உண்டு. செம்பு காற்றினும் பதினாயிரம் மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்துமாதலின், அவ்விடைவெளிகள் பெருந்தடையாகும். உலர்ந்த பழைய பசையைத் துடைத்து, புதியதைச் சிறிதளவே இடுக.

மூன்றாவது, விசிறி. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினாற் காற்றும் பாதியாகும். இரைச்சலோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீட்டர் விசிறியினும் இரண்டேகால் மடங்கு. ஆதலின், பெட்டியில் இடமிருப்பின், மெல்லச் சுழலும் பெரிய விசிறியே விரைந்து சுழலும் சிறியதினும் நன்று.

நான்காவது, இடம். தரையிற் பஞ்சு மிகுதியாகப் படியுமாதலின் பொறியை மேசைமேல் வைக்க. சுவரையொட்டி வைத்தலும், இயங்கும்போது துணியால் மூடுதலும் ஆகா. காற்றுப் புகும் வாயிலில் வலையிட்டால், அவ்வலையையும் அடிக்கடி தட்டித் தூய்மை செய்தல் வேண்டும். அடைபட்ட வலை, வலையில்லாமையினும் தீது.

வட்டப் பின்னல் எந்திரங்களின்மேல் பஞ்சை ஓட்டுதற்கென்றே விசிறிகள் சுழல்வதைத் திருப்பூரார் நன்கறிவர். ஊசியைக் காக்கும் அவ்வறிவைச் செயலிக்கும் செலுத்துதலே வேண்டுவது. ஒற்றை அறையில் வாழும் தொழிலாளர் இல்லத்தில், உறங்குவோர் துயில் கலையாமல் ஒரு மாணாக்கன் இரவிற் பயிலலாம். புதுப்பொறிக்கெனப் படும் கடனும் சில ஆண்டுகள் தள்ளிப்போகும். ஆதலின் மாணவ நண்பர்களே, பழையதெனக் கழிக்குமுன், அடைபட்டதோ எனத் திறந்து பார்ப்பீராக.