மன்றோ தீவா, பூவாறா? படகேறும் முன் கேட்க வேண்டியவை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்காவும் அத்திம்பேரும் இரண்டு குழந்தைகளோடு சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள். ஒரு நாள் படகில் தீவுகளைச் சுற்றிக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கிற பூவாறே போதும் என்கிறார் என் கணவர். அக்காவுக்கு மன்றோ தீவு பார்க்க ஆசை. கன்னியாகுமரியையும் சேர்த்துவிடலாமா என்று அத்திம்பேர் கேட்கிறார். என் மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?"

கன்னியாகுமரியை முதலிலேயே கழித்துவிடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு உங்களை விவேகானந்தர் பாறையில் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். சில நிமிஷப் பயணத்துக்கு மணிக்கணக்கில் வரிசை. டிசம்பர் கடைசியில் விடுமுறைக் கூட்டத்தோடு சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களும் சேர்ந்துகொள்வார்கள். அங்கே தனியாக இன்னொரு நாள் போய் வாருங்கள். பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்துவிட்டதால், ஒரு முறை படகேறினாலே இரண்டையும் பார்த்துவிடலாம்.

மிச்சம் இருப்பவை பூவாறும் அஷ்டமுடிக் காயலும். இரண்டிலும் விளம்பரப் பலகைகள் ஒரே பாட்டைத்தான் பாடும்: இத்தனை தீவு, இத்தனை இடம், இத்தனை மணி நேரம். தீவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து எந்தப் பயணத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாளில் ஐந்து தீவு என்றால் ஐந்து முறை ஏறி இறங்குவது, ஐந்து இடத்தில் மற்றக் கூட்டம் வந்து சேரும்வரை வெயிலில் நிற்பது. புக்கெட்டிலும் மாலத்தீவிலும் விற்கிற பொட்டலமும் இதேதான். உங்கள் அக்காவுக்கே அந்த அனுபவம் இருக்கலாம். குறைந்த இடம், குறைந்த ஆட்கள், சரியான வேளை. நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான். இவற்றில் வேளைக்கு முதலிடம் கொடுப்பேன்.

பூவாறு உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு கடலில் சேரும் இடம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு, அதைப் பொழி என்பார்கள். அலையாத்திச் செடிகளுக்கு நடுவே படகு நுழையும்போது அழகாகத்தான் இருக்கும். சங்கடம் கரையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே சாலையோரம் நின்று கை காட்டுவார்கள். ஆட்டோக்காரர் ஒரு 'கிளப்' பெயர் சொல்லி நேரே அங்கே கொண்டுபோய் விடுவார். அவருக்கு அதில் பங்கு உண்டு, அந்தப் பங்கு உங்கள் கட்டணத்தில் ஏறும். நீங்களே இரண்டு மூன்று துறைகளில் இறங்கி விசாரியுங்கள். தலைக்கு எவ்வளவு என்று கேட்காமல், படகுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மணலில் இறங்கி நிற்கும் நேரமும் மிதக்கும் உணவகத்தில் காத்திருக்கும் நேரமும் அந்த 'இரண்டு மணி நேர'த்தில் சேருமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சேரும். அதைக் கழித்தால் தண்ணீரில் இருப்பது எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பூவாற்று மணலில் குழந்தைகள் விளையாடட்டும், கடலில் மட்டும் இறங்க வேண்டாம். கரை சட்டென்று சரியும், அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். காற்றே இல்லாத நாளில்கூடத் தொலைக்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, மலையாளப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வரும். கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவாறு அரை நாள் சமாச்சாரம். ஒரு நாள் முழுக்கக் கையில் இருக்கும்போது அதில் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. நீங்கள் போக வேண்டியது கொல்லம்.

ரயில் வருவதற்கு முன்னால் திருவனந்தபுரத்துக்காரர்கள் கொல்லத்துக்குப் படகேறிய இடம் உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வள்ளக்கடவுதான். பார்வதி புத்தனாறு இன்று இருக்கும் நிலையில் அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். 1918-இல் ரயில் வந்தது, படகுக்காரர்களின் காலம் மெல்ல முடிந்தது. நீங்களும் ரயிலிலேயே போங்கள். திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து கொல்லம் 65 கிலோமீட்டர்.

அஷ்டமுடிக் காயல் 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. கல்லடையாறு இதில் வந்து கலக்கும் இடத்தில் சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கிறது மன்றோ தீவு. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூருக்குத் திவானாகவும் இருந்த ரெசிடென்ட் கர்னல் ஜான் மன்றோவின் பெயர். இங்கே பார்க்க வேண்டியது பெரிய காயல் அல்ல, வீடுகளுக்கு நடுவே ஓடும் தோடுகள், அதாவது குறுகிய வாய்க்கால்கள். அவற்றில் மோட்டார் படகு நுழையாது. கழுக்கோல் ஊன்றித் தள்ளும் சின்ன வள்ளம்தான் போகும். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, வேலியேற்றத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், தண்ணீர் உயர்ந்திருந்தால் வள்ளத்துக்குள் தலையை மடியில் கவிழ்த்துக்கொண்டுதான் கடக்க முடியும். கழுக்கோலை விட்டுவிட்டு வள்ளக்காரரும் உங்களோடு குனிவார். பாலத்தின் அடிப்பக்கச் சிமென்ட் முதுகை உரசுகிற மாதிரி மேலே நகரும். குழந்தைகளுக்குத் தீவிலேயே பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தண்ணீர் உயர்வது ஊர்க்காரர்களுக்கு விளையாட்டு இல்லை. வீட்டு அடித்தளங்கள் தாழ்ந்துகொண்டே போகின்றன, வேலியேற்றக் காலத்தில் முற்றத்துக்குள் உப்புத் தண்ணீர் வருகிறது. கல்லடையாற்றில் அணை வந்தபின் வண்டல் வருவது நின்றதும், 2004 சுனாமியும் காரணம் என்கிறார்கள். பல குடும்பங்கள் போய்விட்டன. நீங்கள் போகும் தோடு ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம் என்பது நினைவிருக்கட்டும். துணி துவைக்கிறவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வேளை என்றேனே, மன்றோ தீவில் அது விடியற்காலை ஆறரைக்குள், இல்லையென்றால் மாலை நாலுக்கு மேல். பத்து மணிக்கு ஏறினால் மேலே வெயில், கீழே தண்ணீரிலிருந்து எதிர்வெயில். கூரையில்லாத வள்ளத்தில் இரண்டு மணி நேரம் வெந்துபோவீர்கள். விடியலில் இறங்க வேண்டுமானால் முந்தின இரவே தீவில் ஏதாவது ஹோம்ஸ்டேயில் தங்குவது நல்லது. ஸ்ரீவராகத்திலிருந்து அதிகாலை நாலு மணிக்குக் காரில் கிளம்பினாலும் போய்ச் சேரலாம், ஆனால் குழந்தைகள் தூங்கி வழிவார்கள். மன்றோ தீவுக்கென்று தனி ரயில் நிலையம் உண்டு. எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளம் ஏறும்போது ஒரு சோதனை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாணாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரை இறக்கி இன்னொரு வள்ளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். சில இடங்களில் சௌகரியம் என்று வள்ளத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தருவார்கள். வேண்டாம். உடம்பு உயர உயர வள்ளம் ஆடும். தாழ்வான பலகையில் நடுவாக உட்கார வேண்டும், ஏறும்போது ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது முடியாது. எப்படியோ உட்கார்ந்துவிட்டாலும் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். கழிப்பறையும் கிடையாது. உங்கள் மாமியாரை வள்ளத்தில் ஏற்றாதீர்கள்.

அவருக்கு ஏற்றது கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. கொல்லம் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. 2023-இல் தொடங்கிய 'சீ அஷ்டமுடி' என்கிற இரண்டு தட்டுப் படகு காயலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறது. நிதானமாக உட்காரலாம், கழிப்பறை இருக்கிறது. தோடுகளுக்குள் போகாது, அகலமான தண்ணீரைத்தான் பார்க்க முடியும். புறப்படும் நேரத்தையும் கட்டணத்தையும் முந்தின நாளே படகுத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லீவு நாட்களில் இடம் சீக்கிரம் நிறையும். அதே காயலில் சாம்ப்ராணிக்கோடி என்ற திட்டில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பது இப்போது மோஸ்தர். ஆழப்படுத்தத் தோண்டிய மண் குவிந்து உண்டான திட்டு அது. கிளிஞ்சல் ஓடு காலைக் கிழிக்கும், பழைய ரப்பர் செருப்போடு இறங்குங்கள்.

அரசாங்கப் படகு என்பதாலேயே பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2002 ஜூலை 27-ஆம் தேதி குமரகத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து 29 பேரைப் பலிகொண்டது நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 45 பேர் இறந்தது அரசுச் சுற்றுலாக் கழகத்தின் புதுப் படகில். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனார்கள், படகு சாய்ந்தது. தனியார் விஷயத்தில் தானூரைச் சொன்னால் போதும். 2023 மே 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு, அளவுக்கு மீறிய கூட்டம். 22 பேர் போனார்கள். அந்தமானில் 2014 குடியரசு தினத்தன்று கவிழ்ந்த அக்வா மரீனில் இறந்த 21 பேரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதுவும் தீவுகளுக்கு இடையே போன ஒரு நாள் உல்லாசப் படகுதான். தாய்லாந்தில் 2018-இல் 'பீனிக்ஸ்' கவிழ்ந்து 47 பேர் இறந்தது வானிலை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குள் போனதால்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இவற்றில் திரும்பத் திரும்ப வருவது கூட்டம், இருட்டு, வானிலை, ஒரு பக்கம் குவிவது. நான்கையும் நீங்களே கரையில் நின்று சரிபார்க்கலாம். பதிவு பெற்ற மோட்டார் படகின் பக்கவாட்டில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும். இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அந்த எண்ணைப் படித்துவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். மடிக் குழந்தையும் ஒரு தலை. படகை ஓட்டும் ஸ்ராங்கு யார் என்று கேளுங்கள். ஆளைக் காட்டாமல் மழுப்பினால் வேறு படகு பாருங்கள். லைஃப் ஜாக்கெட் பெஞ்சுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சின்ன அளவு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். இரண்டு தட்டுப் படகில் நானாக இருந்தால் கண்ணாடி அடைத்த ஏ.சி. அறையில் உட்காரமாட்டேன். கீழ்த்தட்டில், திறந்த பக்கத்துக்கு அருகில் உட்காருவேன். மாலை ஆறுக்குள் கரை ஏறிவிட வேண்டும். துலா மழை டிசம்பரிலும் சில நாள் மிச்சம் வைக்கும். மதியத்துக்கு மேல் இடி கேட்டால், கொடுத்த பணம் போனாலும் சரி, படகேற வேண்டாம்.

காயலில் அலை இல்லை, வயிறு புரட்டாது. கடலில் போவதானால் மட்டும் அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுவதற்கு முன்கூட்டியே போட வேண்டும். மாமியார் வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் நாள் காலை ரயிலில் எல்லோரும் கொல்லம், அரசுப் படகில் காயல். மாலையில் நீங்கள் மாமியாரோடு ரயிலேறித் திரும்பிவிடுங்கள். அக்கா குடும்பம் மன்றோ தீவில் தங்கி மறுநாள் விடியலில் வள்ளம் ஏறட்டும். ஒரே நாள்தான் உண்டு, மாமியாரும் கட்டாயம் வர வேண்டும் என்றால், அரசுப் படகு மட்டும் போதும். தோடுகளை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூவாற்றை அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: தேதி. டிசம்பர் 24-இலிருந்து ஜனவரி 1 வரை எந்தத் துறையிலும் கூட்டம் குறையாது, கூட்டம் இருக்கும்போதுதான் எண்ணுக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்கள். அத்திம்பேரின் லீவு இடம் கொடுத்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை போய்விட்டு வாருங்கள்.