மழலையர் கல்வியும் பாட்டும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைப் பிரம்புக்குச் சான்றாகக் காட்டிய ஆசிரியர் முன்னாளிற் பலர். ஆயினும், இளங்கொம்பு பாட்டுக்கு வளைவதுபோல் வேறெதற்கும் வளைவதில்லை என்பதைக் குழந்தை வளர்த்த தாய்மார் அனைவரும் அறிவர். பள்ளி புகாத சிறாரின் வளர்ச்சிக்குப் பாட்டு எங்ஙனம் துணைசெய்கின்றது, எவ்வகைப் பாட்டு அதற்கு உரியது என்பவற்றை, வடசென்னை மூலக்கொத்தளத்தை முன்னிறுத்தி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர் இப்பொருளை நன்குணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றன. ஐந்தாந் திங்களில் கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை; ஒன்பதாந் திங்களில் கைகொட்டுவது சப்பாணி. உடல் புதிதாய் எய்தும் ஆற்றலை உற்றுநோக்கி, அதற்கேற்ற பாட்டை அமைத்தனர். தாலாட்டும், கைவீசலும், சாய்ந்தாடலும், நிலாவை அழைத்தலும் இல்லந்தோறும் நடைபெற்ற முதற்பள்ளியின் பாடங்களேயாம். ஜெர்மனி நாட்டுப் பிராபெல் என்னும் அறிஞர் 1837-ல் சிறுகுழந்தைகட்கெனத் தனிப்பள்ளி நிறுவி, 1844-ல் தாய்மார்க்குரிய பாட்டும் விளையாட்டும் அடங்கிய நூலொன்றை வெளியிட்டார். தமிழில் பாரதியார் 1915-ல் பாப்பாவுக்கெனப் பாடினார், அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944-ல் வெளிவந்தது.

இனி, பாட்டினால் விளையும் பயன் யாது? இன்பம் முதற்பயன், சொல்வளமும் நினைவாற்றலும் அதனைத் தொடர்வன. இவற்றினும் நுண்ணியது செவிப்பயிற்சி. எழுத்தைக் கண்ணாற் காணுமுன், சொல்லிலுள்ள ஒலியைச் செவி பகுத்தறிதல் வேண்டும். ஆக்ஸ்போர்டு அறிஞர் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை வலியுறுத்துகின்றது. ஒத்த ஒலியுடைய சொற்களை இனம்பிரிக்கும் பயிற்சி பெற்ற சிறாருள், எழுத்துருக்களையும் உடன்கையாண்டோர் வாசிப்பில் மிக முன்னேறினர். ஆங்கிலப் பாட்டின் ஒத்த ஒலி பெரும்பாலும் அடியின் இறுதியில் நிற்கும். தமிழிலோ முதலெழுத்து ஒன்றுவது மோனை. இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. இறுதி ஒன்றுவது இயைபு. எனவே, தமிழ்ப்பாட்டுக் கேட்கும் குழந்தையின் செவி சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் ஒருங்கே பழகுகின்றது. குறிலும் நெடிலும், லகரமும் ளகரமும் பின்னர் அதற்கு மயக்கந் தாரா.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம்:

கப்பல் ஒன்று வந்ததாம்;
உப்பு மூட்டை தந்ததாம்;
வண்டி மாடு தின்றதாம்;
தொண்டை வற்றி நின்றதாம்!

இப்பாட்டு இக்கட்டுரைக்கெனப் புனைந்தது, கவிநயம் கருதியதன்று. முதல்நாள் ஆசிரியர் தாமே கைதட்டிப் பாடுக. இரண்டாம்நாள் குழந்தைகள் கப்பலாகவும் மாடாகவும் நடிக்க. மூன்றாம்நாள் அடியின் இறுதிச்சொல்லை விடுத்து நிறுத்தினால், அவர்களே அதனை நிரப்புவர். நான்காம்நாள், “கப்பல், உப்பு, அப்பம், வண்டி: இவற்றுள் சேராதது எது?” என வினவுக. ஐந்தாம்நாள், “மாட்டுக்கு ஏன் தொண்டை வற்றியது? நாம் என்ன கொடுக்கலாம்?” என உரையாடுக. “தண்ணீர்” என்று விடைகூறும் குழந்தை காரண காரியத்தையும் இரக்கத்தையும் ஒருசேரக் கற்றுவிட்டது. வாரத்துக்கு ஒரு பாட்டே அமையும். ஒப்புவிக்கச் செய்தலும், மறந்த குழந்தையைக் கடிதலும் ஆகா.

துறைமுகத்துக்கும் இருப்புப்பாதைகளுக்கும் அண்மையதான மூலக்கொத்தளம் உழைப்பாளர் மிக்க பகுதி. ஆங்குள்ள குழந்தை கப்பலின் சங்கொலியும், இரயிலின் தாளமும், கானாப் பாடுவோர் கைத்தட்டும் கேட்டே வளர்கின்றது. தாளம் அதற்கு முன்னரே கைவந்த பொருள். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் உணவோடு பாட்டையும் அளிக்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றுக்கென அமைந்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்பது.

எனினும், பெற்றோர் பலர் பொருள்விளங்கா ஆங்கிலப் பாட்டைத் தம் பிள்ளை ஒப்புவிப்பதையே கல்வியென மகிழ்கின்றனர். தமக்குக் கிட்டாத வாழ்வு பிள்ளைக்கேனும் கிட்டவேண்டும் என்னும் ஏக்கமே இதன் காரணம்; அதனை எள்ளுதல் தகாது. ஆங்கிலமும் கற்கட்டும். ஆயினும், கண்டறியாத பனிமழையைப் பாடும் குழந்தைக்கு அதனை மாற்றவோ, அதைப் பற்றி வினவவோ இயலாது. கிளி போலக் கூறவே இயலும். அஃதன்றியும், “உன் வீட்டுப் பேச்சு கொச்சை, இங்கே பேசாதே” என்று ஒருமுறை கேட்ட குழந்தை வாய்மூடிவிடும். மூன்று வயதில் மூடிய வாயைப் பின்னர்த் திறப்பித்தல் எளிதன்று. 1939-ல் இந்தி எதிர்ப்புப் போரிற் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோர் துயில்வது இம்மூலக்கொத்தள மண்ணிலேதான். அம்மண்ணிற் பிறந்த குழந்தை தன் தாயின் சொல்லுக்கு நாணுதல் தகுமோ? வீட்டுச்சொல்லை முதலில் ஏற்று, அதன் தோளில் நூற்சொல்லை ஏற்றுவதே நல்லாசிரியர் கடன்.

மாணவ நண்பர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. உங்கள் பாட்டியார் பாடிய பாட்டுக்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களோடு அவை மறைந்துபோகலாகாது. விடுமுறையில், பொறுப்பாளரின் இசைவு பெற்று, அருகிலுள்ள அங்கன்வாடியில் ஒருமணி நேரம் தரையில் அமர்ந்து பாடுங்கள். நீங்கள் மறந்த அடியை ஒரு சிறுகுழந்தை எடுத்துக்கொடுக்கும் நாள் வரும். அன்று நீங்கள் கற்றதன் பயனைக் கண்டவராவீர்.