முந்தும் முன் பார்க்க வேண்டியவை: மலைச்சாலையில் பைக் ஓட்டத் தொடங்கும் இளைஞருக்கு

தமிழகத்தின் மலைச்சாலைகளைக் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கொல்லிமலைக்கு 70 வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36, திம்பத்தில் 27, ஏற்காட்டில் 20, மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14. சனி, ஞாயிறுகளில் சமவெளியிலிருந்து பைக்கில் ஏறிவரும் இளைஞர்களை இந்த எண்களே இழுக்கின்றன. மலையில் வாழ்பவர்களுக்கோ இவை பிழைப்புக்கான பாதைகள். தோட்டத் தொழிலாளரும், பள்ளிப் பிள்ளைகளும், காய்கறி லாரியும், ஆம்புலன்சும் இதே வளைவுகளில்தான் போய்வந்தாக வேண்டும். மலையில் பைக் ஓட்டக் கற்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, இது எல்லோருக்கும் பொதுவான சாலை என்பதை.

இரண்டாவது பாடம், அந்தச் சாலை எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பது. சாலைப் பொறியியலில் இரண்டு பார்வைத் தூரங்கள் கணக்கிடப்படுகின்றன. முன்னால் ஒரு தடை தெரிந்ததும் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படுவது ஒன்று. முன்செல்லும் வண்டியை முந்தி, பத்திரமாகத் தன் பக்கத்துக்குத் திரும்பத் தேவைப்படுவது மற்றொன்று. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுகளின்படி, மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு முதலாவது 45 மீட்டர், இரண்டாவது 165 மீட்டர். பாறையைக் குடைந்தும் பள்ளத்தை ஒட்டியும் போடப்படும் மலைச்சாலையில் 165 மீட்டர் தொடர்ந்து கண்ணுக்குத் தெரியும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே மலைச்சாலைகள் பெரும்பாலும் நிற்பதற்கான தூரத்தை மட்டுமே உறுதிசெய்யும் விதத்தில் அமைக்கப்படுகின்றன. முந்துவதற்கான இடம் அங்கே விதிவிலக்கு.

165 மீட்டர் மிகையான அளவு என்று தோன்றினால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பேருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது, பின்னால் வரும் பைக் 40 கி.மீ. வேகத்தில் அதை முந்துகிறது. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். 12 மீட்டர் நீளப் பேருந்தையும், அதன் முன்னும் பின்னும் விட வேண்டிய தலா 10 மீட்டர் இடைவெளியையும் கடக்க ஏறத்தாழ 6 வினாடி ஆகும். அதற்குள் பைக் 65 மீட்டர் ஓடிவிடும். எதிரே 40 கி.மீ. வேகத்தில் இறங்கும் காரும் அதே தூரம் வந்துவிடும். ஆக 130 மீட்டர் தீர்ந்துவிடுகிறது. கண் பார்த்து மனம் முடிவெடுக்கும் நேரத்தையும் கூட்டினால் கைவசம் மிச்சமில்லை. வளைவுக்கு 50 மீட்டர் முன்பாக ஓவர்டேக் எடுப்பவர், எதிரே யாரும் வர மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறார். அந்தப் பந்தயத்தில் வைக்கப்படுவது எதிரே வருபவரின் உயிரும்தான்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் போக்கு தனியாகக் கற்க வேண்டியது. வளைவின் உள்விளிம்பு ஆரம் குறைந்தபட்சம் 14 மீட்டரும், வேகம் மணிக்கு 20 கி.மீ.யும் என்பதே வடிவமைப்பு அளவு. இவ்வளவு குறுகிய திருப்பத்தில் நீளமான வண்டி முதலில் வெளிப்பக்கம் அகன்று போய், பிறகு உள்ளே ஒடிக்கிறது. அப்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. பேருந்து அகலும்போது உள்பக்கம் திறக்கும் இடைவெளி பைக்குக்கு வழிவிட்டது போலத் தெரியும். சில வினாடிகளில் அந்த இடத்தைப் பேருந்தின் பின்பாதி நிரப்பிவிடும். உள்ளே நுழைந்தவர் மலைச்சுவருக்கும் பேருந்துக்கும் நடுவே சிக்குவார். பேருந்து திருப்பத்தை முடிக்கும் வரை, ஏறினாலும் இறங்கினாலும், வளைவுக்கு வெளியே காத்திருப்பதே முறை.

முந்த வேண்டிய தேவை வந்தால் அதற்கும் ஒழுங்கு உண்டு. நேரான, எதிர்ப்பக்கம் முழுக்கத் தெரிகிற துண்டு வரும் வரை பின்னால் இடைவெளி விட்டு வர வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தால் பேருந்தே பார்வையை மறைத்துவிடும். டீசல் புகையும் கண்ணில் அடிக்கும். முன்கூட்டியே கியரைக் குறைத்து, ஹாரன் கொடுத்து, கண்ணாடியில் ஓட்டுநர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே வலப்பக்கம் எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வண்டி. இரண்டு மூன்று வண்டிகளைச் சேர்த்து முந்தக் கூடாது. முன்வண்டியின் இண்டிகேட்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து. இடது இண்டிகேட்டர் ‘போகலாம்’ என்றும் இருக்கலாம், நிறுத்தத்தில் பேருந்து ஒதுங்கப் போவதாகவும் இருக்கலாம். முடிவு எப்போதும் ஓட்டுபவரின் சொந்தக் கண்ணால் எடுக்கப்பட வேண்டியது.

கூட்டமாகப் போகும்போது இந்த ஒழுங்குதான் முதலில் உடைகிறது. முன்னே போகும் நண்பர் பார்த்து முந்துகிறார். அடுத்தவர் அவரைப் பார்த்து முந்துகிறார். மூன்றாமவர் எதையும் பார்ப்பதில்லை. முதல் பைக்குக்கு இருந்த வழி மூன்றாவதற்கு இருக்காது. குழுவில் மிகவும் புதியவரின் வேகமே அனைவரின் வேகமாக இருக்க வேண்டும். பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று அடிவாரத்திலேயே பேசி வைத்துக்கொண்டால், பின்தங்கியவருக்கு விரட்டிப் பிடிக்கும் அவசரம் வராது.

வளைவில் வண்டியைச் சாய்ப்பதற்கும் எல்லை உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், வண்டியைத் தடத்தில் பிடித்து வைக்க டயர் தர வேண்டிய பக்கவாட்டு விசை நான்கு மடங்காகிறது. 14 மீட்டர் ஆரமுள்ள சமதளத் திருப்பத்தை 20 கி.மீ. வேகத்தில் எடுக்க 13 டிகிரி சாய்வு போதும்; 40 கி.மீ. வேகத்தில் 42 டிகிரி தேவை. மழை ஈரம், உதிர்ந்த இலை, ஜல்லி மணல், திருப்பங்களில் லாரியிலிருந்து சிந்திய டீசல் ஆகியவை உள்ள சாலையில் சாதாரண டயர் அந்தப் பிடிமானத்தைத் தராது. 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இந்தியாவில் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் சாதாரண ஏ.பி.எஸ். நேராகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கிறது. சாய்ந்த வண்டியில் பதறிப் பிரேக் அழுத்தினால் விழாமல் காக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்.

வலப்பக்க வளைவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சக்கரம் நடுக்கோட்டுக்கு இப்பால் இருந்தாலும், சாய்ந்த ஓட்டுநரின் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எதிரே வரும் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி மோத அதுவே போதும். நடுக்கோட்டுக்கு இப்பால் உடம்பும் அடங்கும்படி இடப்புறமாகத் தள்ளி ஓட்ட வேண்டும்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கால் மட்டும் சமாளித்தால் பிரேக் சூடேறிப் பிடி தளரும். நியூட்ரலில் உருட்டுவதும் இன்ஜினை அணைத்து இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினின் தடுப்பு குறைவு என்பதால் இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது சட்டப்படி இறங்குபவரின் கடமை; ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம், பின்னுக்கு உருளவும் கூடும்.

இந்த மலைகளில் பல காடுகளும் கூட. வால்பாறைச் சாலையில் வரையாடும் சிங்கவால் குரங்கும், நீலகிரியில் காட்டெருமையும் யானையும் வளைவுக்கு அப்பால் நிற்கலாம். பனிமூட்டத்தில் ஹை பீம் வெண்திரையாகித் திருப்பி அடிக்கும். லோ பீம் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவது அவற்றைச் சக்கரத்தடிக்கு அழைப்பதாகும்.

சட்டமும் இதே காரணங்களிலிருந்துதான் பிறக்கிறது. வளைவிலும், மேட்டு முகட்டிலும், முன்னால் தெளிவாகத் தெரியாத எந்த இடத்திலும் முந்துவதை 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. சாலை நடுவே விடுபடாத கோடு இருந்தால் தாண்டக் கூடாது. இரட்டைக் கோட்டில் தன் பக்கத்துக் கோடு விட்டுவிட்டு இருந்தால் மட்டும் தாண்டலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விதிக்குப் புறம்பாக முந்துவதை 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்துள்ளது. முதல் முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவதற்கு 189-ஆம் பிரிவும், ஹெல்மெட் இல்லாததற்கு 194-டி பிரிவும் உண்டு. 18 வயதாகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

மலையில் இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது சமவெளியைவிடக் கடினம். வண்டியை மடக்கி நிறுத்த ஓரம் கிடையாது. விரட்டிப் போனால் காவலரும் குற்றவாளியும் வழிப்போக்கரும் சேர்ந்து ஆபத்தில் விழுவார்கள். வேகத்தை அளக்கும் கருவிக்கும் நேரான சாலை தேவை. தவறு நடப்பதோ வளைவில். ஆகவே அடிவாரத்திலும் உச்சியிலும் உள்ள சோதனைச் சாவடிகளும், வளைவுகளில் கேமராக்களும் பயன் தரும் வழிகள். கேமராப் பதிவைக் கொண்டு அபராதம் விதிக்க, 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167-ஏ இடம் தருகிறது. கோடை சீசனில் நீலகிரிக்குக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு இன்னும் சிறந்தது. எதிரெதிர் மோதலுக்கான வாய்ப்பையே அது பெருமளவு குறைக்கிறது.

ஆயினும் 70 வளைவுகளுக்கும் 70 காவலர்களை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. இரண்டு சாவடிகளுக்கு நடுவே சட்டத்தைக் காப்பது ஓட்டுபவரின் வலது கைதான். பேருந்தின் பின்னால் பொறுமையாக வருபவரைத் திறமையற்றவர் என்று நினைக்கும் பழக்கம் இளைஞர்களிடம் மாற வேண்டும். தெரியாத வளைவில் முந்தாமல் இருப்பதே மலை ஓட்டுநரின் முதல் திறமை. அதைக் கற்ற பிறகு மற்றவற்றைக் கற்கலாம்.